40 விநாடி எங்கே போனது?

"சர்வர் ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் உக்காருங்க." இ-சேவை மையத்திலோ வங்கிக் கிளையிலோ மருத்துவமனையின் பதிவு மேசையிலோ இதைக் கேட்காதவர் இன்று அநேகமாக இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு எண்ணைத் தட்டுகிறார். திரையில் வட்டம் சுற்றுகிறது. பெயர், முகவரி, நிலுவைத் தொகை என்று நாலு வரி வந்து சேர 40 விநாடி ஆகிறது. பின்னால் வரிசை நீள்கிறது.

அந்த 40 விநாடிக்குள் என்னதான் நடக்கிறது? இன்றைய சாதாரணச் செயலி ஒன்று விநாடிக்குச் சுமார் 300 கோடி முறை துடிக்கிறது. 40 விநாடிக்கு 12,000 கோடித் துடிப்பு. நாலு வரியைத் தேடி எடுக்க இவ்வளவா? அதைவிட வியப்பு ஒன்று உண்டு. பல நேரங்களில் அதே 40 விநாடியில் சர்வரின் செயலியைக் கவனித்தால் அது ஏறக்குறையச் சும்மாதான் இருக்கும். நினைவகம் போதுமான அளவு இருக்கிறது, வட்டில் இடம் இருக்கிறது, நிரலை யாரும் தொடவில்லை. ஆனாலும் போன மாதம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்த திரை இன்று வர மறுக்கிறது.

இதற்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம் இரண்டு. ஒன்று, சர்வரை அணைத்துப் போடுவது. சில சமயம் இது உடனே பலிக்கும். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்ற தடயமும் அத்தோடு போய்விடும்; அடுத்த வாரம் அதே நேரத்தில் அதே கோளாறு திரும்பி வரும். இன்னொன்று, பெரிய சர்வர் வாங்குவது. காரணம் வேறிடத்தில் இருந்தால் எவ்வளவு பெரிய இயந்திரத்தை வாங்கினாலும் ஒரு விநாடிகூடக் குறையாது. இரண்டு வைத்தியமுமே ஊகத்தில் பிறந்தவை. நேரம் எங்கே போனது என்பதை ஊகிக்கத் தேவையே இல்லை, அளந்து பார்க்கலாம். அதற்கான கருவிகள் தரவுத்தள மென்பொருளுக்குள்ளேயே இருக்கின்றன. மென்பொருளை நிறுவும்போது அவற்றில் முக்கியமான சில அணைந்த நிலையில் வருகின்றன. யாராவது ஒருவர் முன்கூட்டியே திறந்துவைக்க வேண்டும்.

தரவுத்தளம் என்பது, அட்டவணை அட்டவணையாகத் தகவலைச் சேர்த்துவைத்து, கேட்டபோது தேடித் தரும் மென்பொருள். கேட்பதை வினவல் என்கிறோம். கட்டணமின்றிக் கிடைப்பவற்றில் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய இரண்டும் உலகெங்கும் பரவியவை. இந்தக் கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸிலிருந்து வருகின்றன. மற்ற தரவுத்தளங்களில் பெயர்கள் மாறும், அடிப்படை மாறாது.

ஒரு வினவலின் நேரம் இரண்டே வழியில்தான் செலவாகும். ஒன்று, அது வேலை செய்துகொண்டிருக்கிறது. அல்லது எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான், அதே சுற்றும் வட்டம். மருந்துதான் முற்றிலும் வேறு.

முதலில் வேலையை எடுத்துக்கொள்வோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கணினி வராத காலத்தில் வில்லங்கச் சான்று எப்படித் தயாரானது என்று நினைத்துப் பாருங்கள். பதிவான பத்திரங்களின் நகல்கள் வந்த வரிசையிலேயே பெரிய பெரிய தொகுதிகளில் ஏறியிருக்கும். ஒரு நிலத்தின் மீது 30 ஆண்டில் என்னென்ன பத்திரம் பதிவானது என்று அந்தத் தொகுதிகளை முதல் பக்கத்திலிருந்து புரட்டித் தேடினால் ஆயுள் போதாது. அதனால்தான் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமே, அதன் 55ஆம் பிரிவில், தனியாக அடைவுகள் எழுதிவைக்க வேண்டும் என்கிறது. முதல் அடைவு ஆட்களின் பெயர்வழி. இரண்டாவது அடைவு சொத்துவழி. எழுத்தர் சொத்து அடைவைத் திறப்பார், ஊரும் புல எண்ணும் பார்த்து, எந்தத் தொகுதியில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து, நேரே அந்தப் பக்கத்துக்குப் போவார். சொத்து அடைவு மட்டும் இல்லாமல் பெயர் அடைவு மட்டும் இருந்தால்? புல எண்ணை வைத்துத் தேடுபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான்.

தரவுத்தளத்தில் நடப்பதும் இதுவேதான். அடைவை அங்கே இன்டெக்ஸ் என்பார்கள். அடைவு இல்லாத நெடுவரிசையை வைத்துத் தேடினால் மென்பொருள் முழு அட்டவணையையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கும். ஒரு கோடி வரி உள்ள அட்டவணை, வரிக்கு 200 எழுத்து என்று வைத்துக்கொண்டால் சுமார் 2 ஜிபி. போஸ்ட்கிரெஸ் வட்டிலிருந்து 8 கேபி பக்கம் பக்கமாகத்தான் படிக்கும். ஆக ஏறக்குறைய இரண்டரை லட்சம் பக்கம். அடைவு இருந்தாலோ நாலைந்து பக்கத்தில் வேலை முடியும். இந்த வித்தைக்குப் பெயர் பி-மரம். போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்கிரைட் இருவரும் 1970இல் உருவாக்கி 1972இல் விரிவாக வெளியிட்டார்கள். அடைவுக்கு ஓர் அடைவு, அதற்கும் மேல் ஓர் அடைவு என்று அடுக்கினால் அதுதான் பி-மரம். ஒரு பக்கத்தில் 300 குறிப்பு அடங்கும் என்றால், மூன்று அடுக்கில் 2.7 கோடி வரிக்கும் நாலு அடுக்கில் 810 கோடி வரிக்கும் வழிகாட்டலாம். தரவு 300 மடங்கு பெருகினால் கூடுதலாகப் படிக்க வேண்டியது ஒரே ஒரு பக்கம்!

இப்போது, "யாரும் எதையும் மாற்றவில்லையே" என்ற புதிரின் ஒரு பாதி அவிழ்கிறது. நிரல் மாறவில்லை, தரவு மாறியது. அட்டவணையில் பத்தாயிரம் வரி இருந்தபோது முழுவதையும் புரட்டுவதுகூட யார் கண்ணிலும் படவில்லை. ஆண்டுகள் போகப் போக வரிகள் லட்சமாகி, பிறகு கோடியாகின்றன. அப்போதும் மெல்ல மெல்லத்தானே மெதுவாக வேண்டும், ஏன் திடீரென்று ஒரு நாள் படுக்கிறது? இதற்குக் காரணம் நினைவகத்துக்கும் வட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம். நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்க ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் வட்டிலிருந்து எடுக்க, ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு தேவை. ஒன்றுக்கு லட்சம் என்ற வித்தியாசம். புதிய வகைத் திண்ம வட்டுகள் இந்தப் பள்ளத்தைப் பெருமளவு தூர்த்திருக்கின்றன என்றாலும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் இன்னும் மிச்சம் இருக்கிறது. எழுத்தர் அடிக்கடி எடுக்கும் தொகுதிகளைத் தன் மேசையிலேயே வைத்துக்கொள்வதுபோல, தரவுத்தளமும் அண்மையில் படித்த பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். தொகுதிகள் மேசைக்குள் அடங்கும்வரை எல்லாம் சுமுகம். மேசை கொள்ளாத அன்றைக்கு, ஒவ்வொரு தேடலுக்கும் பதிவறைக்கு நடக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் இந்த மேசை, நிறுவியவுடன் வெறும் 128 எம்பி. இயங்குதளம் தன் பங்குக்குத் தனி இருப்பு ஒன்று வைத்திருப்பதால் நிலைமை அவ்வளவு மோசமாகாது. என்றாலும் 64 ஜிபி நினைவகம் உள்ள இயந்திரத்தை வாங்கிவிட்டு இந்த அளவை அப்படியே விட்டுவைப்பது நியாயமில்லை.

அடைவு இருந்தும் பயன்படாமல் போகும் இடங்களும் உண்டு. பெயரின் முதல் எழுத்துகள் தெரிந்தால் அடைவு உதவும். "நடுவில் எங்கோ 'முரு' என்று வரும்" என்று தேடினால் உதவாது. எழுத்தாகச் சேமித்த தொலைபேசி எண்ணை வினவலில் எண்ணாகக் கொடுத்தால், மைஎஸ்கியூஎல் அந்த நெடுவரிசையின் அடைவை ஒதுக்கிவிட்டு முழுவதையும் புரட்டும். விடை சரியாகவே வரும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. சரி, எல்லா நெடுவரிசைக்கும் அடைவு போட்டுவிடலாமே என்று தோன்றும். புதிய வரி ஒன்று சேரும்போதெல்லாம் ஒவ்வோர் அடைவிலும் அதைப் பதிய வேண்டும். பத்து அடைவு என்றால் ஒரு பதிவுக்குப் பதினொரு இடத்தில் எழுத்துவேலை.

எந்த அடைவைப் பயன்படுத்துவது, அல்லது புரட்டியே படித்துவிடுவதா என்று முடிவெடுப்பது யார்? வினவல் எழுதுபவர் இல்லை. எது வேண்டும் என்றுதான் அவர் சொல்கிறார். எப்படி எடுப்பது என்று சொல்வதில்லை. மென்பொருளுக்குள் இருக்கும் திட்டமிடும் பகுதி ஒன்று, சாத்தியமான வழிகளுக்கெல்லாம் செலவு மதிப்பிட்டு, மலிவானதைத் தேர்ந்தெடுக்கிறது. இந்த முறையை வகுத்துத் தந்தவர்கள் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் சிஸ்டம் ஆர் என்ற முன்னோடித் திட்டத்தில் வேலை பார்த்த பட்ரீசியா செலிஞ்சரும் அவருடைய சகாக்களும். 1979இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் வழித்தோன்றல்கள்தாம் இன்றைய பெரும்பாலான திட்டமிடும் பகுதிகள்.

மதிப்பீடு எதை நம்பி? புள்ளிவிவரத்தை நம்பி. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் அட்டவணையிலும் வழக்கமாக 30,000 வரியை மாதிரியாக எடுத்து, எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று சுருக்கமாகக் குறித்துவைக்கும். ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வரி மாறிய பிறகுதான் தானாக மறுபடி மாதிரி எடுக்கும். ஒரு கோடி வரி அட்டவணை என்றால் பத்து லட்சம் வரி மாற வேண்டும். அதற்குள் இன்றைய தேதியிட்ட இரண்டு லட்சம் வரி சேர்ந்திருக்கலாம். திட்டமிடும் பகுதி பார்க்கும் பழைய குறிப்பிலோ இன்றைய தேதியே இல்லை. "இன்றைய வரிகள் ஒன்றோ இரண்டோ இருக்கும்" என்று கணக்கிட்டு, ஒன்றிரண்டு வரிக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுத்து, அதை இரண்டு லட்சம் முறை நடக்கும். நேற்று விநாடியில் முடிந்தது இன்று முடியாமல் போக இது ஒன்றே போதும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வினவலின் முன்னால் 'எக்ஸ்ப்ளெய்ன்' என்று சேர்த்தால் மென்பொருள் தன் திட்டத்தை வரிவரியாகச் சொல்லிவிடும். 'எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்' என்று கேட்டால், நடத்தியும் பார்த்து, மதிப்பிட்ட வரி எத்தனை, உண்மையில் வந்த வரி எத்தனை, ஒவ்வொரு படிக்கும் ஆன நேரம் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். மதிப்பீடு 1, உண்மை 2,00,000 என்று ஓரிடத்தில் இருந்தால் நோய் அங்கேதான். ஓர் எச்சரிக்கை: இது வினவலை நிஜமாகவே ஓட்டும். அழிக்கும் கட்டளையின் முன்னால் போட்டால் வரிகள் அழிந்தே போகும். பரிவர்த்தனை, அதாவது மொத்தமாக ஏற்கவோ ரத்து செய்யவோ முடிகிற கட்டளைக் கூட்டம், ஒன்றைத் தொடங்கி, அதற்குள் ஓட்டிப் பார்த்து, முடிவில் ரத்து செய்துவிட வேண்டும்.

இனி காத்திருத்தல். செயலி சும்மா இருக்கும்போதே எல்லாம் நின்றுபோகும் புதிருக்கு விடை இங்கேதான்.

ஒரே தொகுதியில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதே பக்கத்தில் எழுத முடியாது. தரவுத்தளத்தில் இதற்குப் பூட்டு என்று பெயர். ஒரு பரிவர்த்தனை ஒரு வரியை மாற்றினால், அது முடியும்வரை அந்த வரி பூட்டப்பட்டிருக்கும். அதையே மாற்ற வரும் மற்றவர்கள் காத்திருப்பார்கள். பூட்டு என்பது குறையில்லை. அது இல்லாவிட்டால் ஒரே இருக்கை இருவருக்கு விற்பனையாகும், ஒரே கணக்கிலிருந்து இருமுறை பணம் போகும். பூட்டைப் பிடித்தவர் விடாமல் இருப்பதுதான் சிக்கல். யாரோ ஒருவர் ஒரு வரியைத் திருத்திவிட்டு, முடித்துவைக்கும் கட்டளையைக் கொடுக்காமல் சாப்பிடப் போய்விட்டார். அல்லது நிரல் ஒன்று பரிவர்த்தனையைத் தொடங்கி, நடுவில் வெளியிலுள்ள வேறொரு சேவையை அழைத்து, அதன் பதிலுக்காக நிற்கிறது. அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருபது பேர், முப்பது பேர். யாரும் வேலை செய்யவில்லை, எல்லாரும் காத்திருக்கிறார்கள். செயலிக்கு என்ன வேலை இருக்கும்? இந்த நேரத்தில் சர்வரை அணைத்துப் போட்டால் பூட்டுப் பிடித்தவரின் தொடர்பு அறுந்து, எல்லாம் சட்டென்று சரியாகும். அணைத்துப் போடும் வைத்தியம் ஏன் பலிக்கிறது, ஏன் எதையும் கற்றுத்தருவதில்லை என்பதற்கு விடை இதுதான்.

இன்னும் கொடியது ஒன்று உண்டு. நெடுநேரம் ஓடும் ஓர் அறிக்கை வினவல் ஓர் அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கிறது. படிப்பது மட்டுமே என்பதால் யாருக்கும் இடையூறில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் அட்டவணையில் புதிய நெடுவரிசை சேர்க்கக் கட்டளை கொடுக்கிறார். அதற்கு முழு அட்டவணையின் பூட்டு வேண்டும், ஆகவே அறிக்கை முடியக் காத்திருக்கிறது. அதற்குப் பிறகு வரும் சாதாரண வினவல்கள் எல்லாம் இப்போது அந்தக் கட்டளைக்குப் பின்னால் வரிசைகட்டி நிற்கும். ஒரு நொடியில் முடிய வேண்டிய ஒரு சின்ன மாற்றம், எதையும் மாற்றாத ஓர் அறிக்கை இரண்டும் சேர்ந்து முழு அலுவலகத்தையும் நிறுத்திவிடும்.

போஸ்ட்கிரெஸில் இதை அந்தக் கணத்திலேயே பார்க்க ஒரு காட்சி இருக்கிறது. தொடர்பிலுள்ள ஒவ்வொருவரும் என்ன செய்கிறார், செய்யத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆனது என்று அது காட்டும். 2016இல் வெளியான 9.6 பதிப்பிலிருந்து, காத்திருப்பவர் எதற்காகக் காத்திருக்கிறார், யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதும் தெரியும். 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்', அதாவது பரிவர்த்தனையைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருப்பவர், என்ற நிலையில் ஒருவர் அரை மணி நேரமாக இருந்தால் முதலில் அவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

வரிசைகளுக்குத் தனிக் கணிதமே உண்டு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் 1909இல் தொடங்கிவைத்தது அது. ஆட்கள் சீரில்லாமல் வந்துபோகும் ஒற்றைக் கவுண்டரில், கவுண்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால் ஒருவர் உள்ளே கழிக்கும் நேரம் ஆளில்லாதபோது ஆவதைப்போல் இரண்டு மடங்கு. 90 விழுக்காடு வேலை என்றால் பத்து மடங்கு. 95 என்றால் இருபது. 90இலிருந்து 95க்கு ஏறும்போது அந்த நேரம் இரட்டிக்கிறது. காலை 10 மணிக்கு நன்றாக இருந்த சர்வர் 11 மணிக்குப் படுத்துவிடுவதற்கு வேலை பல மடங்கு கூடியிருக்க வேண்டியதில்லை. சற்றே கூடினால் போதும். 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி இன்னும் எளியது: விநாடிக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அதை ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கினால், உள்ளே இருப்பவர் எண்ணிக்கை. விநாடிக்கு 50 வினவல், ஒவ்வொன்றுக்கும் 0.2 விநாடி என்றால் எந்நேரமும் சுமார் 10 பேர் உள்ளே. அதே வினவலுக்கு 2 விநாடி ஆகத் தொடங்கினால் 100 பேர். போஸ்ட்கிரெஸ் தானாக அனுமதிக்கும் தொடர்புகளின் உச்சவரம்பும் 100தான். அதற்கு மேல் வருபவருக்கு "இடமில்லை" என்ற பிழைச்செய்தி கிடைக்கும். உடனே எல்லாரும் உச்சவரம்பை 500 ஆக்கப் பார்ப்பார்கள். உண்மையில் மாறியது 0.2 விநாடி 2 விநாடி ஆனதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் கோளாறு நடக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் பலிக்கும். ஆனால் புகார் வரும்போது பெரும்பாலும் கோளாறு போய்விட்டிருக்கும். "காலையில் பதினொரு மணிக்கு ரொம்ப மெதுவாக இருந்தது" என்பார்கள். மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். நடந்ததை நடந்தபோதே எழுதிவைத்த குறிப்பேடு ஒன்றுதான் இங்கே சாட்சி. கணினித் துறையில் இதை லாக் என்பார்கள்.

போஸ்ட்கிரெஸில் இதற்கான அமைப்பு ஓர் எண்தான்: எத்தனை மில்லிவிநாடிக்கு மேல் ஓடிய வினவலைக் குறித்துவைக்க வேண்டும்? நிறுவியவுடன் அது -1 என்று இருக்கும், அதாவது எதையும் குறிக்காதே. மைஎஸ்கியூஎல்லில் மெதுவினவல் குறிப்பேடு என்றே ஒன்று உண்டு. அதுவும் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். திறந்தாலும் அதன் வரம்பு 10 விநாடி, கவுண்டரில் நிற்பவருக்கு அது ஒரு யுகம். ஒரு விநாடியில் தொடங்கி, நிலைமை தேறத் தேற அரை விநாடி, கால் விநாடி என்று இறக்கிக்கொண்டு போவது நல்ல வழி. மைஎஸ்கியூஎல் எழுதும் குறிப்பில் இரண்டு எண்களை ஒப்பிட்டாலே பாதி விசாரணை முடிந்துவிடும்: எத்தனை வரியைப் பார்த்தது, எத்தனை வரியைத் திருப்பித் தந்தது. 98 லட்சம் வரியைப் பார்த்து ஒரே ஒரு வரியைத் தந்திருக்கிறது என்றால் அடைவு இல்லை, அல்லது இருந்தும் பயன்படவில்லை.

ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் நேரம், பயனர் பெயர், எந்த நிரலிலிருந்து வந்தது, தொடர்பின் எண் நான்கும் இருக்கும்படி அமைப்பது அவசியம். இவை இல்லாத குறிப்பேடு, தேதியில்லாத நாட்குறிப்பு மாதிரி ஆகிவிடும். தரவுத்தள சர்வரின் கடிகாரமும் பிற சர்வர்களின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வித்தியாசம் இருந்தால் காரணத்துக்கு முன்பே விளைவு நடந்ததாகத் தெரியும். ஒரு விநாடிக்கு மேல் பூட்டுக்காகக் காத்தவரைக் குறிக்கும் அமைப்பையும், வரிசைப்படுத்தும் வேலை நினைவகத்தில் அடங்காமல் வட்டில் வழிந்தால் குறிக்கும் அமைப்பையும் திறந்துவைப்பதில் செலவு அதிகமில்லை. வேலையா, காத்திருப்பா என்று பிரித்துச் சொல்பவை இவைதாம்.

வரம்பு வைத்த குறிப்பேட்டுக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. 10 மில்லிவிநாடியில் முடியும் ஒரு வினவல் எந்த வரம்பிலும் சிக்காது. அது ஒரு நாளில் பத்து லட்சம் முறை ஓடினால் 10,000 விநாடி, ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். 500 நோயாளிகளின் பட்டியலை ஒரே வினவலில் எடுத்துவிட்டு, ஒவ்வொருவரின் விவரத்துக்கும் தனித்தனியாக 500 முறை கேட்கும் நிரல்கள் இப்படித்தான் மறைந்திருந்து சர்வரைத் தின்னும். இதைப் பிடிக்க வேறு கருவி வேண்டும். வினவல்களை அவற்றின் வடிவத்தை வைத்துக் கூட்டமாகச் சேர்த்து, ஒவ்வொரு வடிவமும் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் தின்றது என்று எண்ணிவைக்கும் நீட்சி ஒன்று போஸ்ட்கிரெஸுடனேயே வருகிறது. தனித்த பெருங்குற்றத்தைக் குறிப்பேடு பிடிக்கும். ஓயாத சிறுகுற்றத்தை இந்தக் கூட்டுத்தொகை பிடிக்கும்.

சராசரியை மட்டும் நம்புவதும் ஆபத்து. நூறு வினவலில் 99 பத்து மில்லிவிநாடியிலும் ஒன்று ஐந்து விநாடியிலும் முடிந்தால் சராசரி 60 மில்லிவிநாடி. அறிக்கையில் அது அழகாக இருக்கும். ஆனால் அந்த 60 மில்லிவிநாடியை யாருமே அனுபவிக்கவில்லை. ஒருவர் ஐந்து விநாடி நின்றார்.

அப்படியானால் எல்லா வினவலையும் எழுதிவிட்டால் என்ன? எழுதுவதும் வேலைதான். நெரிசலான சர்வரில் எல்லாவற்றையும் குறித்தால் குறிப்பேடே வட்டை அடைக்கும்; தரவும் அதே வட்டில் இருந்தால் தரவுத்தளம் நின்றே போகும். குறிப்பேட்டுக்குத் தனி வட்டு, நாள்தோறும் புதிய கோப்பு, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் பழையதை நீக்குதல் என்ற ஏற்பாட்டை முதல் நாளே செய்துவிட வேண்டும். 2020இல் வந்த போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து, வேகமான வினவல்களில் நூற்றில் ஒன்றை மட்டும் மாதிரிக்குக் குறிக்கும் வசதியும் இருக்கிறது. இன்னொன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். வினவலின் வரிகளில் நோயாளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் நோயும் அப்படியே இருக்கும். தரவுத்தளத்துக்கு ஆயிரம் காவல் போட்டுவிட்டு, குறிப்பேட்டைப் பொதுக் கோப்புறையில் போட்டுவைப்பது அந்த மனிதர்களுக்குச் செய்யும் துரோகம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது சட்டத்தின் கேள்வியும்கூட.

பெயர் ஒற்றுமையால் விபரீதம் விளைவித்த இன்னொரு குறிப்பேடு இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் அட்டவணையில் செய்வதற்கு முன்பே தனிக் கோப்பில் எழுதி, அது வட்டில் பதிந்த பிறகுதான் "முடிந்தது" என்று தரவுத்தளம் பதில் சொல்லும். முன்னெழுத்துக் குறிப்பேடு என்று சொல்லலாம். நடுவில் மின்சாரம் போனால், இதைப் படித்துத்தான் தரவுத்தளம் தன்னை மீட்டுக்கொள்ளும். இந்த மீட்பு முறைகளில் புகழ்பெற்ற ஏரீஸ் என்பதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன், ஐபிஎம்மின் ஆல்மடன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி சகாக்களோடு 1992இல் அதை வெளியிட்டார். போஸ்ட்கிரெஸில் இந்தக் கோப்புகள் இருந்த கோப்புறையின் பெயரில் 'லாக்' என்ற சொல் இருந்தது. வட்டு நிறைந்தபோது, வெறும் பழங்குறிப்புகள்தானே என்று நினைத்து நிர்வாகிகள் அதை அழித்துவிட்டுத் தரவையே இழந்த கதைகள் திரும்பத் திரும்ப வந்தன. 2017இல் வெளியான 10ஆம் பதிப்பில் கோப்புறையின் பெயரையே மாற்றிவிட்டார்கள். வேகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு, விநாடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாக முடித்துவைக்கும் நிரல், சுற்றுக்கு ஒன்றாக, விநாடிக்குச் சுமார் 120 மாற்றத்துக்கு மேல் போக முடியாது. செயலி எவ்வளவு வேகமானாலும் அப்படித்தான். ஆயிரம் வரியை ஒரே பரிவர்த்தனையாகக் கட்டி முடித்தால் காத்திருப்பு ஒரே ஒரு முறை.

காரணம் தெரிந்த பிறகு திருத்துவது பெரும்பாலும் சின்ன வேலை. ஓர் அடைவு, ஒரு புள்ளிவிவரப் புதுப்பிப்பு, அல்லது நிரலில் இரண்டு வரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. நூறு வரி உள்ள சோதனை அட்டவணையில் எல்லாமே வேகமாகத்தான் ஓடும் என்பதால், நிஜ அளவுள்ள நகலில்தான் சோதிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அடைவு சேர்க்கும்போது, எழுதுவோரைத் தடுக்காமல் பின்னணியில் கட்டும் முறை போஸ்ட்கிரெஸில் உண்டு. அதற்கு நேரம் கூடுதலாக ஆகும். கவுண்டரில் நிற்பவருக்காக அந்த நேரத்தைக் கொடுக்கலாம்.

திருத்தத்துக்கு மறுநாள் அதே பதினொரு மணிக் குறிப்பைப் பார்த்தால் பழைய குற்றவாளி காணாமல் போயிருக்கும். இரண்டாவதாக இருந்தது முதலிடத்துக்கு வந்திருக்கும். அதை உடனே துரத்த வேண்டுமா என்பதை அது தின்னும் மொத்த நேரம் சொல்லும். கூட்டுத்தொகை எண்கள் ஏறிக்கொண்டே போகும் என்பதால், கால் மணிக்கு ஒருமுறை அவற்றை நகலெடுத்துவைத்தால் இந்தத் திங்களையும் போன திங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியும். கோளாறே இல்லாத நாட்களின் நகல்களையும் எறிந்துவிடக் கூடாது. சர்வர் நலமாக இருக்கும்போது அந்த வினவல் எத்தனை பக்கம் படித்தது, எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்ற கணக்கு அவற்றில்தான் இருக்கிறது.